கிட்டாரோடு விமானம் ஏறப் போகிறீர்களா? சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனில் கிட்டார் சொல்லிக் கொடுக்கிறேன். வருபவர்களில் நிறைய பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள். தேவாலயத்தில் வாசிப்பார்கள், கோயில் பஜனையில் வாசிப்பார்கள், கல்யாண வரவேற்பில் வாசிப்பார்கள். ஒருநாள் ஊரை விட்டுக் கிளம்பும் நேரம் வரும். கோத்தா கினபாலுவிலோ கோத்தா சமரஹானிலோ பல்கலைக்கழக இடம் கிடைக்கும், திருச்சியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் வரும், மெல்பர்னில் மேல்படிப்பு அமையும். அப்போது பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கிட்டார் எப்படிப் பறக்கப் போகிறது என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். விமானம் ஏறும் வாசலில் போய் முடிவு செய்தால் பெரும்பாலும் உங்களுக்காக வேறு யாரோ முடிவு செய்துவிடுவார்கள்.

கிட்டாரைக் கையோடு மேலே எடுத்துப் போக முடியுமா?

விதிப்படி பார்த்தால், முழு அளவு கிட்டாரை முடியாது. மலேசியா ஏர்லைன்ஸ், ஏர் ஆசியா இரண்டிலும் கைப்பையின் அளவு 56 x 36 x 23 செ.மீ., எடை 7 கிலோ. சாதாரண அக்குஸ்டிக் கிட்டாரின் நீளம் மட்டுமே ஒரு மீட்டரைத் தாண்டும். எடையில் பிரச்சினை இல்லை, கிட்டார் 2 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். நீளம்தான் இடிக்கிறது. முக்கால் அளவு கிட்டாரும் 56 செ.மீ.க்குள் அடங்காது. சோப்ரானோ உக்குலேலே ஒன்றுதான் ஏறக்குறைய அந்த அளவுக்குள் வரும்.

ஆனால் மேலே கிட்டார் வைத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறோமே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற விமானங்களில், இருக்கைக்கு மேல் சாமான் வைக்கும் மேலறையில் இடம் காலியாக இருந்தால், மென்பையில் போட்ட கிட்டார் படுத்துக்கொள்ளும். அது பணிப்பெண்ணின் தயவிலும் அன்றைய கூட்டத்திலும் நடப்பது. சுபாங்கிலிருந்து பறக்கும் ஏ.டி.ஆர். மாதிரி சின்ன விமானங்களில் மேலறையே சிறியது, அங்கே அந்த வாய்ப்பும் இல்லை.

மென்பையில் போட்டுக்கொண்டு போய் வாசலில் கேட்டுப் பார்க்கலாமா? என் நண்பர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

வேண்டாம் என்பதுதான் என் பதில். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். வாசலில் முடியாது என்று சொல்லிவிட்டால், அந்த மென்பையோடேயே கிட்டார் சரக்கறைக்குப் போகும். பலர் கிட்டார் உடைவது இப்படித்தான். கீழே அனுப்பத் தயாராகப் பெட்டியில் அடைத்த கிட்டாரை விட, மேலே போகும் என்று நம்பி மென்பையில் கொண்டுவந்த கிட்டாருக்குத்தான் ஆபத்து அதிகம். தீபாவளி, சீனப் பெருநாள், பள்ளி விடுமுறைக் காலங்களில் விமானம் நிரம்பியிருக்கும். அப்போது இந்த யோசனையே வேண்டாம்.

கேட்டே பார்ப்பேன் என்கிறவர்கள் கிட்டாரைக் கெட்டியான பெட்டியில் வைத்துக் கேளுங்கள். கீழே போகச் சொன்னாலும் நெஞ்சு பதறாது.

கிட்டாருக்குத் தனி இருக்கை வாங்கலாமாமே?

பல நிறுவனங்களில் வாங்கலாம். செல்லோ வாசிப்பவர்கள் அப்படித்தான் பயணம் செய்கிறார்கள். இன்னொரு டிக்கெட்டின் விலை ஆகும், பெரும்பாலும் சன்னலோர இருக்கைதான் தருவார்கள், பெல்ட் போட்டுக் கட்டி வைப்பார்கள். இணையத்தில் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டு நேரே போய் நிற்காதீர்கள். முதலில் நிறுவனத்தோடு பேசி, பதிவில் அதைக் குறிக்கச் சொல்லுங்கள். கோத்தா கினபாலு மாதிரி குறைந்த கட்டண வழித்தடத்தில், விலையுயர்ந்த கிட்டாருக்கு இது நியாயமான செலவுதான். 500 வெள்ளி (ரிங்கிட்) கிட்டாருக்கு இது தேவையில்லை.

அமெரிக்காவில் கிட்டாரை மேலே விட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 2012இல் வந்த சட்டம், அதன் விதிகள் 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தன. நீங்கள் ஏறும் நேரத்தில் மேலறையில் இடம் இருந்தால் கிட்டார் போன்ற சிறிய வாத்தியத்தை ஏற்க வேண்டும் என்கிறது. இடம் இல்லையென்றால் யாரையும் நகர்த்தச் சொல்லும் உரிமை கிடையாது. இது அமெரிக்க விமான நிறுவனங்களுக்கு உரிய சட்டம். கோலாலம்பூரில் ஏறும்போது இதைக் காட்டி வாதாட முடியாது.

சரி, கீழே அனுப்புகிறேன். எது உடையும்?

பெரும்பாலும் தலை. டியூனிங் முடுக்கிகள் இருக்கும் அந்தத் தலைப்பகுதி கழுத்தோடு சேரும் இடத்தில் மரம் மெல்லியதாக இருக்கும். பெட்டி மல்லாந்து கீழே விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடல் பெட்டிக்குள் அப்படியே நின்றுவிடும், தலை மட்டும் பின்னோக்கி வீசும். அந்த ஒரு வீச்சில் பிளந்துவிடும். பெட்டிக்கு வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. தலை பின்பக்கம் சாய்ந்திருக்கும் கிப்சன் வகைக் கிட்டார்களில் இது அதிகம். ஃபெண்டர் வகையில் தலை நேராக இருப்பதால் குறைவு. அவற்றின் கழுத்தைத் திருகாணி கழற்றித் தனியாக எடுக்கவும் முடியும்.

அதனால் பெட்டிக்குள் வைக்கும்போது முழுக் கவனமும் தலையில் இருக்கட்டும். கழுத்தின் கீழே, நட் (கழுத்து முடியும் இடத்தில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) இருக்கும் இடத்துக்கு நேர் அடியில், துணியை மடித்துக் கொடுங்கள். பிறகு தலையின் அடியிலும் இரண்டு பக்கமும் துணி வைத்து நிரப்புங்கள். பழைய கைலி, துண்டு, டீ-சட்டை எல்லாம் போதும், அதற்கென்று பஞ்சு வாங்க வேண்டியதில்லை. தலையை மேலே தூக்கும் அளவுக்குத் திணிக்கக் கூடாது. ஆடாமல் இருந்தால் போதும். அடுத்து உடலின் அடிப்பக்கம்: வார் மாட்டும் குமிழ் பெட்டிச் சுவரில் மோதினால் அந்த அடி நேரே உள்ளே இருக்கும் மரக்கட்டைக்குப் போகும். அங்கேயும் ஒரு மடிப்புத் துணி வையுங்கள்.

மூடிய பிறகு பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது நகரும் சத்தம் கேட்டால் திறந்து மறுபடி நிரப்புங்கள். கேப்போ (சுருதியை ஏற்றக் கழுத்தில் மாட்டும் கவ்வி), கிளிப் டியூனர், ஸ்பானர், எலக்ட்ரிக் கிட்டாரின் இரும்புப் பிடி எதையும் பெட்டிக்குள் சும்மா போட்டு வைக்காதீர்கள். பெட்டி புரளும்போது அவையே கிட்டாரைக் குத்திவிடும்.

கம்பிகளைத் தளர்த்த வேண்டுமா?

கொஞ்சம். லைட் (மெல்லிய) கம்பிகள் போட்ட அக்குஸ்டிக் கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கும். அடிபடும் நேரத்தில் அந்த இழுவையும் சேர்ந்துகொள்ளும். எல்லாக் கம்பியையும் இரண்டு மூன்று அரைச்சுரம் இறக்குங்கள். முழுக்கத் தொங்கவிடத் தேவையில்லை. அப்படிச் செய்தால் கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பி எதிர்ப்பக்கம் தள்ளும், உடலில் கம்பிகள் முடியும் பிரிட்ஜ் பகுதியில் அவற்றைத் தாங்கும் சேடில் நழுவி விழுந்தாலும் விழும். போய்ச் சேர்ந்ததும் மறுபடி ஏற்றிவிடலாம்.

எந்தப் பெட்டி வாங்குவது?

மூன்று தரம் இருக்கிறது. மென்பை: மோட்டாரில் வகுப்புக்கு வர நல்லது, சரக்கறைக்கு ஆகாது. மரப்பலகையிலோ ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கிலோ செய்த சாதாரணக் கெட்டிப் பெட்டி: உள்ளே சரியாக நிரப்பினால் எப்போதாவது பறப்பவர்களுக்கு இது போதும். அதற்கு மேல் ஹிஸ்காக்ஸ், எஸ்.கே.பி., கால்டன் போன்ற பெயர்கள். கால்டன் பெட்டியின் விலையில் இன்னொரு நல்ல கிட்டார் வாங்கிவிடலாம், எனவே மாதாமாதம் பறக்கும் வாத்தியக்காரர்களுக்குத்தான் அது.

எந்தப் பெட்டியானாலும் கிட்டார் அதற்குள் பொருந்தி உட்கார வேண்டும். டிரெட்நாட் எனும் பெரிய உடல் கிட்டாருக்குச் செய்த பெட்டியில் சின்ன கிளாசிக்கல் கிட்டாரைப் போட்டால் உள்ளே உருளும். ஈப்போவில் கடைக்குப் போகும்போது கிட்டாரையும் கையோடு எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள். தாழ்ப்பாள்களைச் சரிபாருங்கள், வாரால் ஒரு சுற்று கட்டிவிடுங்கள். அமெரிக்கா போகிறவர்கள் டி.எஸ்.ஏ. பூட்டு (அங்குள்ள சோதனை அதிகாரிகள் தங்கள் சாவியால் திறக்கக்கூடியது) போடுங்கள், இல்லாவிட்டால் சோதனைக்காக உடைத்துத் திறப்பார்கள்.

எடைக்கும் அளவுக்கும் எவ்வளவு பணம்?

கிட்டாரும் கெட்டிப் பெட்டியும் சேர்ந்து 7, 8 கிலோ வரும். 20 கிலோ லக்கேஜ் வாங்கினால் துணிமணியோடு சேர்த்து அடங்கிவிடும். லக்கேஜை டிக்கெட் எடுக்கும்போதே வாங்குங்கள், கவுன்ட்டரில் வாங்கினால் விலை அதிகம். அளவில்தான் கவனம் தேவை. நிறைய நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 செ.மீ. என்று வரம்பு வைத்திருக்கின்றன. கிட்டார் பெட்டியோ 110, 42, 15 என்று கூட்டினாலே 167 வரும். வாத்தியம் என்றால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், ஆனால் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை அச்சடித்து வைத்துக்கொள்வது நல்லது.

சுங்கை சிப்புட்டிலிருந்து விமான நிலையத்துக்கு எப்படிப் போவது நல்லது?

இதை யாரும் யோசிப்பதில்லை. கிட்டாருக்கு வரும் கேடு சில சமயம் விமானத்துக்கு முன்பே தொடங்கிவிடும். வெயிலில் நிறுத்திய காரின் பின்பக்கச் சாமான் அறைக்குள் 60 பாகை செல்சியஸ் வரை சூடு ஏறும். கிட்டாரை ஒட்டியிருக்கும் பசை அந்தச் சூட்டில் இளகத் தொடங்கும். பிரிட்ஜ் மெல்ல எழும்பும், பின்பக்கம் உப்பும். வழியில் தாப்பாவில் சாப்பிட நிறுத்தினால் கிட்டாரையும் கடைக்குள் எடுத்துப் போங்கள். காரில் போகும்போதும் சாமான் அறையில் வேண்டாம், பின் சீட்டில் படுக்க வையுங்கள். பஸ்ஸின் அடியறையும் அப்படித்தான் கொதிக்கும்.

எனக்குப் பிடித்தது இ.டி.எஸ். ரயில். சுங்கை சிப்புட்டில் ஏறினால் நேரே கே.எல். சென்ட்ரல், அங்கிருந்து விமான நிலைய ரயில். குளிர்சாதனப் பெட்டியில் கிட்டார் உங்கள் பக்கத்திலேயே இருக்கும். சுங்கை சிப்புட்டில் எல்லா இ.டி.எஸ்.ஸும் நிற்காது, அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.யில் ஏர் ஆசியா இரண்டாவது முனையம், மலேசியா ஏர்லைன்ஸ் முதல் முனையம். தவறான முனையத்தில் இறங்கினால் கிட்டாரையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். வழக்கத்தை விட ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். செக்-இன் முடிந்ததும் கிட்டாரைப் பெரிய சாமான்களுக்கான தனி கவுன்ட்டருக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். அங்கும் வரிசை இருக்கும்.

சரக்கறையில் உறைந்துபோகுமா?

உறையாது. சரக்கறையிலும் பயணிகள் இருக்கும் பகுதியின் அதே காற்றழுத்தம்தான். குளிராக இருக்கும், ஆனால் கிட்டாரைக் கெடுப்பது அந்தச் சில மணி நேரக் குளிர் அல்ல. போய்ச் சேரும் இடத்தின் காற்றுதான் கெடுக்கும்.

நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நேரம் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. கிட்டார் செய்யும் தொழிற்சாலைகள் 45 முதல் 55 விழுக்காட்டில் வைத்துச் செய்கின்றன. நம் வீட்டில் இருக்கும் கிட்டார் ஈரத்தைக் குடித்துக் கொஞ்சம் உப்பித்தான் இருக்கும். அதை அப்படியே டிசம்பர் மாத லண்டனுக்கு, ஹீட்டர் ஓடும் அறைக்குள் கொண்டுபோய் வைத்தால் மரம் வேகமாகச் சுருங்கும். முதலில் கழுத்து ஓரத்தில் ஃபிரெட் (குறுக்கே பதித்த உலோகப் பட்டை) நுனிகள் கையில் குத்தும். கவனிக்காமல் விட்டால் முன்பலகை நீளவாக்கில் வெடிக்கும். திருச்சி, சென்னை போகிறவர்களுக்கு இந்தக் கவலை அதிகம் இல்லை. குளிர் நாடு போகிறவர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். சேர்ந்ததும் பெட்டியை உடனே திறக்காமல் சில மணி நேரம் அறையில் அப்படியே வைத்திருங்கள், மரமும் மேல்பூச்சும் மெதுவாகச் சூட்டுக்குப் பழகட்டும். அப்புறம் துளை போட்ட சோப்புப் பெட்டியில் பிழிந்த ஈர ஸ்பான்ஜை வைத்து, கிட்டார் பெட்டிக்குள் தலைப்பக்கம் போட்டுவிடுங்கள். வாரம் இரண்டு முறை நனைத்தால் போதும். சின்ன ஈரப்பத மானி ஒன்றை வாங்கி உள்ளே வைத்தால் இன்னும் நல்லது.

பேட்டரி, கம்பி, கேப்போ எதை எங்கே வைப்பது?

கேப்போ, பிக், டியூனர் எல்லாம் கைப்பையில். கிட்டாரின் பிரீ-ஆம்பில் (ஒலியைப் பெருக்கும் கருவி) இருக்கும் 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரி கிட்டாரிலேயே இருக்கலாம். வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டருக்கான உதிரி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் கட்டாயம் கைப்பையில்தான், கீழே அனுப்பக் கூடாது. கம்பி வெட்டும் கட்டரும் ஸ்பானரும் கீழே போகும் லக்கேஜில். உதிரிக் கம்பிகளையும் கீழேயே அனுப்பிவிடுங்கள், சோதனையில் சிலர் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். துடைக்கும் எண்ணெய் வெளிநாட்டுப் பயணத்தில் 100 மி.லி.க்கு மேல் கைப்பையில் ஆகாது.

என் கிட்டாரின் மரத்துக்கு அனுமதிக் கடிதம் வேண்டுமா?

நீங்கள் கடையில் வாங்கிய கிட்டார் என்றால் பெரும்பாலும் வேண்டாம். 2017 ஜனவரி 2 முதல் எல்லா ரோஸ்வுட் மரங்களும் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் எனும் அனைத்துலக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. தென்னிந்திய ஈட்டி மரமும் அதில் அடக்கம், கிட்டார்களின் முதுகுக்கும் பக்கத்துக்கும் பரவலாகப் பயன்படும் மரம் அது. அப்போது வாத்தியக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 2019 நவம்பர் 26 முதல், செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

விலக்கு இல்லாதது பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் அது மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. 1960களிலும் அதற்கு முன்பும் செய்த விலையுயர்ந்த அமெரிக்கக் கிட்டார்களில் அதைக் காணலாம். யானைத் தந்தத்தில் செய்த நட், ஆமை ஓட்டு பிக் இவையும் அப்படியே. தாத்தா காலத்துக் கிட்டார் வீட்டில் இருந்தால், எல்லை தாண்டும் முன் விவரம் தெரிந்த கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். மரம் சார்ந்த அனுமதியைத் தீபகற்ப மலேசியாவில் மலேசிய மரத் தொழில் வாரியம் கவனிக்கிறது.

வாங்கிய ரசீதின் நகலையும் வரிசை எண் தெரியும் படத்தையும் கைபேசியில் வைத்திருங்கள். திரும்பி வரும்போது புதிதாக வாங்கி வந்தீர்களா என்று சுங்கத்தில் கேட்டால் காட்டலாம்.

ஆஸ்திரேலியாவுக்குப் போகிறேன். ஏதாவது தனியாக உண்டா?

இறங்கும்போது கொடுக்கும் வருகை அட்டையில், மரச்சாமான் இருக்கிறதா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று குறியுங்கள். கிட்டாரைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சொல்லாமல் போய் மாட்டினால்தான் அபராதம்.

உடைந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். சாமான் வரும் இடத்திலேயே பெட்டியைத் திறந்து பாருங்கள், களைப்பாக இருந்தாலும் பாருங்கள். உடைந்திருந்தால் அங்கேயே அந்த நிறுவனத்தின் லக்கேஜ் மேசையில் எழுத்துமூலம் புகார் பதிந்து, அதன் நகலை வாங்குங்கள். பெட்டி, கிட்டார், லக்கேஜ் சீட்டு எல்லாவற்றையும் படம் எடுங்கள். கிளம்பும் முன் வீட்டில் எடுத்த படம் இருந்தால் உங்கள் கை ஓங்கும். அதனால் கிளம்பும் நாளில் நான்கு பக்கமும், குறிப்பாகத் தலையின் பின்புறம், படம் எடுத்து வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பயணம் என்றால் பெரும்பாலும் மொன்ட்ரியல் ஒப்பந்தம் (விமான நிறுவனங்களின் பொறுப்பு பற்றிய அனைத்துலக ஒப்பந்தம்) பொருந்தும். சேதத்துக்கு 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தாமதமாக வந்த சாமானுக்கு 21 நாள். ஒரு பயணிக்கு இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். என்ற அனைத்துலகக் கணக்கு அலகு, நம் பணத்தில் 8,000 வெள்ளிக்குச் சற்று மேல். அது உச்சவரம்புதான், தானாகக் கிடைக்கும் தொகை அல்ல. சேதத்தையும் மதிப்பையும் நீங்கள்தான் காட்ட வேண்டும். கிட்டார் அதைவிட விலை கூடியது என்றால், செக்-இன் நேரத்திலேயே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்ட அந்த ஒப்பந்தம் இடம் தருகிறது.

செக்-இன்னில் சிலர் ஒரு சீட்டை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். உடையக்கூடிய பொருள், சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று அதில் இருக்கும். படிக்காமல் போடாதீர்கள். பெட்டி கெட்டியானது, உள்ளே பாதுகாப்பாக அடைத்திருக்கிறது என்று திறந்து காட்டிப் பேசிப் பாருங்கள். மென்பையில் கொண்டுபோனவருக்கு அந்த வாதமே கிடையாது.

உள்நாட்டுப் பயணத்துக்கும் சேர்த்து மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் விமானப் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்பு இருக்கிறது. முதலில் நிறுவனத்திடம் புகார், அவர்களுக்கு 30 நாள் அவகாசம். தீராவிட்டால் மேலே போகலாம். முன்பு மேவ்கோம் ஆணையம் பார்த்த இந்த வேலை, 2025 ஆகஸ்ட் 1 முதல் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் கையில் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் பலர் ‘போகட்டும், விதி’ என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிச் சேர்த்து வாங்கிக் கொடுத்த கிட்டார் அது. புகார் எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.

பயணக் காப்புறுதி எடுத்தால் வாத்தியம் அதில் அடங்குமா, ஒரு பொருளுக்கு எவ்வளவு என்ற இரண்டையும் படித்துவிட்டு எடுங்கள்.

மூன்று நாள் கல்யாணத்துக்குத் திருச்சி போகிறேன். கிட்டார் தேவையா?

மேடையில் வாசிக்கப் போகிறீர்கள் என்றால்கூட, அங்கே யாரிடமாவது கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். திருச்சியிலும் சென்னையிலும் வாத்தியக் குழுக்களுக்குக் குறைவில்லை, ஒரு கிட்டார் இரவல் கிடைக்கும். உங்களுக்குப் பழகிய கம்பி செட்டையும் கேப்போவையும் மட்டும் எடுத்துப் போங்கள். நான்கு வருடம் படிக்கப் போகிறவர் கட்டாயம் தன் கிட்டாரை எடுத்துப் போகட்டும். தனியாக இருக்கும் ஊரில் அது தரும் துணை பெரிது.

மிருதங்கம், உறுமி, ஹார்மோனியம்?

ஹார்மோனியத்தைத் துருத்தி திறக்காதபடி கட்டி, கெட்டிப் பெட்டியில் அனுப்புங்கள். மிருதங்கமும் உறுமியும் தோல் வாத்தியங்கள், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போனால் மரத்தோடு தோலையும் சேர்த்து அறிவிக்க வேண்டும். தோல் சுத்தமாகவும் காய்ந்தும் இருக்கட்டும், முடி ஒட்டியிருந்தால் கேள்வி அதிகமாகும்.